கைதட்டினால் ஓடும் வண்டி

ஜவளகிரி காட்டோரத்தில் ராகிக் கதிர் முற்றும் காலத்தில், யானைக் காவலுக்குப் பரணில் இருக்கும் நம் மக்கள் காதை நம்பித்தான் இரவைக் கழிக்கிறார்கள். கிளை முறியும் சத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று இருட்டிலேயே சொல்லிவிடுவார்கள். சத்தம் கேட்டுச் செயல்பட ஒரு சின்ன இயந்திரத்தையும் பழக்கலாம். அதை நம் தெருப் பிள்ளைகளே செய்யலாம்.

இது நூறாண்டு பழைய வித்தை. 1920களில் அமெரிக்காவில் ‘ரேடியோ ரெக்ஸ்’ என்ற பொம்மை நாய் விற்றது. பெயரைச் சொல்லி அழைத்தால் கூண்டைவிட்டு வெளியே பாயும். அந்தப் பெயரில் வரும் ‘எ’ ஓசையின் அதிர்வு, சுமார் 500 ஹெர்ட்ஸ், மின் இணைப்பைத் துண்டிக்கும். ஸ்பிரிங் நாயைத் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

இன்று ‘மைக்ரோபிட்’ என்ற, உள்ளங்கைக்குள் அடங்கும் மின்பலகை கிடைக்கிறது. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் மைக்கும் உண்டு. கேட்கும் சத்தத்தை அது 0 முதல் 255 வரையான எண்ணாக மாற்றும். நாம் எழுத வேண்டிய நிரல் இதுதான்: எண் 150ஐத் தாண்டினால் மோட்டாரை ஓட்டு, இரண்டு விநாடி கழித்து நிறுத்து. கைதட்டினால் வண்டி ஓடும்.

முதல் நாளே ஒரு சிக்கல் வரலாம். மோட்டார் இரைச்சலையே கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு வண்டி நிற்காமல் ஓடும். ஓடும்போது கேட்காதே, நின்று அரை விநாடி கழித்துக் கேள் என்று ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். இப்படிப் பிழை கண்டு திருத்துவதுதான் படிப்பு.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் இங்கே பலர். கைதட்டலுக்கு மொழி தேவையில்லை. சாவுக்கு அடி என்று நம்மீது சுமத்தப்பட்ட பறையை அடித்தாலும் வண்டி ஓடும். அடித்தவர் யார் என்று பலகை கேட்காது. ஆனால் 150 என்ற வரம்பை வைப்பவர் மனிதர். அதை உயர்த்திவிட்டால் மெல்லிய சத்தம் பலகைக்கு எட்டாது. ஓசூர் ஆலைகளில் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒப்பந்தக் கூலியாக நிற்கும் நம் பிள்ளைகள், அந்த வரம்பை எழுதும் மேசைக்கும் போக வேண்டும்.

நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையானது. தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தரப்பட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கு ஆய்வகம் உண்டா? இல்லையென்றால் விண்ணப்பித்தார்களா? இருந்தால் அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, நம் தெருப் பிள்ளைகளின் கை அந்தப் பலகையில் படுகிறதா? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்போம்.