இணையவழி அறிவியல் பாடங்களில் நிறையும் வேகமும்

பள்ளி மாணவர்க்கு அறிவியல் கற்பித்தற்கென இணையத்தின்கண் அமைந்துள்ள துணைக்கருவிகள் இன்று பலவாகப் பெருகியுள்ளன. அவற்றாற் கற்றல் எத்துணைச் சிறக்கின்றது என ஆராய்தல் கல்வியியலார் பணி. அவற்றில் வழங்கும் சொற்களை ஆராய்தலோ தமிழ் பயில்வார்க்கு உரியது. கலைச்சொல் என்றவுடன் அஃது அறிவியலார் துறை என்று ஒதுங்குதலும், அன்றேல் அது வடசொல்லோ தமிழ்ச்சொல்லோ என்னும் ஒரு வினாவோடு அமைதலும் நம்மவர் இயல்பாகிவிட்டன. இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டதோர் இடர்ப்பாட்டினை ஈண்டு எடுத்துக்காட்ட முயல்வாம்.

முதற்கண் அத்துணைக்கருவிகளுட் சிலவற்றைச் சுட்டுதல் வேண்டும். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்பெற்றன. கைப்பேசியால் அவற்றைப் படித்த அளவில், நடுவணரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்திலுள்ள காணொளிகள் தோன்றும். அறிவியற் பாடங்கள் சிலவற்றின் இறுதியில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதியும் உண்டு. இலங்கையிற் கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ என்னும் தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பாடங்களை வழங்குகின்றது. அமெரிக்க நாட்டுக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு கார்ல் வீமன் என்னும் நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் தொடங்கிய ‘ஃபெட்’ என்னும் திட்டத்தின் பாவனைக் கருவிகள் தனிச்சிறப்புடையன. அவற்றில் மாணவன் தானே பொருளைத் தள்ளியும், உராய்வைக் கூட்டியும் குறைத்தும் விளைவு காணலாம். அக்கருவிகளின் சொற்கள் நிரலினின்றும் பிரித்து வைக்கப்பட்டிருத்தலின், தன்னார்வலர் அவற்றைத் தத்தம் மொழியிற் பெயர்க்க இயலும். அவ்வாறு தமிழிலும் சில பெயர்க்கப்பட்டுள்ளன. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் மாணவர் பலர்க்குக் கைந்நூலாக விளங்குகின்றது.

அச்சிட்ட பாடநூலுக்கு நாட்டெல்லை உண்டு. மதுரை மாணவன் கையில் யாழ்ப்பாணத்துப் பாடநூல் வருதல் அரிது. இணையப் பக்கத்திற்கோ அவ்வெல்லை இல்லை. தமிழ் என்னும் ஒரே பெயரின்கீழ் இரு நாட்டுப் பாடங்களும் அருகருகே வந்து நிற்கின்றன. இன்ன நாட்டு வழக்கில் எழுதப்பெற்றது என்னும் குறிப்பு அவற்றுட் பலவற்றில் இல்லை. இங்கேதான் இடர் தொடங்குகின்றது.

தமிழ்நாட்டார் இயற்பியல் என்பதை ஈழத்தார் பௌதிகவியல் என்பர். வேதியியல் என்பதை இரசாயனவியல் என்பர். ஒளிச்சேர்க்கை அங்கு ஒளித்தொகுப்பு. திசு அங்கு இழையம். முடுக்கம் அங்கு ஆர்முடுகல். நிலைமம் அங்குச் சடத்துவம். இவை ஒரு பொருள் குறித்த பல சொற்கள். இவற்றாற் பெருங்கேடு இல்லை. அறியாத சொல்லைக் கண்ட மாணவன் ‘இஃது யாது?’ எனத் தயங்குவான். தயங்கினவன் வினவி அறிவான். தொல்காப்பியர் திரிசொல்லை இருவகைப்படுத்தியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொல் ஒருவகை; பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொரு வகை. செய்யுளில் இரண்டும் அணியே. அறிவியற் பாடத்தில் முதல்வகை சிறு தடை. இரண்டாம் வகையோ தடையென்று தோன்றாமலே வழிதவறச் செய்வது.

‘நிறை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் நிறை என்பது ஒரு பொருளிலுள்ள பருப்பொருளின் அளவு; கிலோகிராமில் அளக்கப்படுவது. புவி அப்பொருளை ஈர்க்கும் விசை எடை எனப்படும். அது நியூட்டனில் அளக்கப்படும். ஈழத்துப் பாடநூல்களில் முன்னதன் பெயர் திணிவு. பின்னதன் பெயரே நிறை. இனி, ‘நிலவுக்குச் சென்றாலும் ஒரு பொருளின் நிறை மாறாது’ என்னும் தொடரை நோக்குக. சென்னையில் எழுதப்பட்ட பாடமாயின் அது முற்றிலும் உண்மை. அதனையே யாழ்ப்பாணத்து மாணவி படிப்பின், அவள் கற்ற அளவில் அது முழுப்பொய். நிலவின் ஈர்ப்பு புவியீர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே ஆதலின், அவள் அறிந்த நிறை அங்கு ஆறில் ஒன்றாகக் குறையும். தொடரில் ஒரு சொல்லேனும் அவளுக்குப் புதிதன்று. ஆகலின் ஐயுறவும் இடமில்லை. ஒன்று தன் ஆசிரியர் பிழைபடக் கற்பித்தார் என எண்ணுவாள். அன்றேல் அறிவியலே விளங்காதது எனக் கைவிடுவாள்.

‘வேகம்’ என்பதும் இத்தகையதே. ஒரு நொடியிற் கடக்கும் தொலைவினைத் தமிழ்நாட்டார் வேகம் என்றும், திசையொடு கூடிய அதனைத் திசைவேகம் என்றும் வழங்குவர். ஈழத்தார் முன்னதைக் கதி என்றும், பின்னதை வேகம் என்றும் வழங்குவர். வட்டப்பாதையில் ஒரே சீராகச் செல்லும் பொருளுக்கு ‘வேகம் மாறவில்லை’ என்று ஒரு காணொளி கூறும். ‘வேகம் மாறுகின்றது’ என்று மற்றொன்று கூறும். தத்தம் வழக்கின்படி இரண்டும் சரியே. இவ்விரு காணொளிகளையும் அடுத்தடுத்துக் காணும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு இதனை யார் எடுத்துரைப்பார்? ‘அழுத்தம்’ என்பதையும் இங்கேயே சேர்த்துக் கூறிவிடலாம். இங்கு அது ஓரலகுப் பரப்பின்மேற் செயற்படும் விசையைக் குறிக்கும். அங்கு அதற்கு அமுக்கம் என்பது பெயர். ‘அழுத்த சக்தி’ என அவர்கள் கூறுவது நாம் நிலை ஆற்றல் எனக் கூறுவதனையே.

இவ்வேறுபாடு தொன்மையானதன்று. 1916இல் சேலத்திற் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. இராசகோபாலாச்சாரியார் அதில் முன்னின்றார். 1930களிற் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் மேற்கொண்ட கலைச்சொற் பணியில், மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளும் பங்குகொண்டார். அக்காலை இது இரு கரையினர்க்கும் பொதுமுயற்சியாகவே இருந்தது. பின்னர் 1950களிலும் 1960களிலும் இலங்கை அரசகரும மொழித் திணைக்களத்தார் தமக்கெனச் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். தமிழ்நாட்டாரும் பௌதிகம், இரசாயனம் என்பவற்றைக் கைவிட்டுப் புதுச்சொற்களை அமைத்தனர். இரு கல்வித்துறைகளும் தனித்தனி வளர்ந்தன. பாடநூல்கள் கடல் கடவாத வரை யார்க்கும் இதனால் இழப்பில்லை.

எவ்வழக்குச் சிறந்தது என்னும் வினா எழுதல் இயல்பே. யாமும் அவ்வினாவோடு சில நாள் முயன்றோம். நிறைகோல் என்னும் பழஞ்சொல்லை நோக்கின், நிறை என்பது தூக்கிக் காணும் பாரத்தையே குறித்தது எனத் தோன்றும். அவ்வழி ஈழத்து வழக்கே பழமையொடு பொருந்துவது எனலாம். ஆயினும் இருதட்டு நிறைகோல் உண்மையில் ஒப்பிடுவது யாது? இரு தட்டினையும் ஈர்க்கும் விசை ஒன்றே ஆதலின், நிலவுக்குக் கொண்டுசென்றாலும் அக்கோல் காட்டும் அளவு மாறாது. அஃதாவது நிறைகோல் காட்டுவது தமிழ்நாட்டார் கூறும் நிறையே! சொல்லின் வரலாறு இருதிறத்தார்க்கும் சான்று பகர்கின்றது. ஆதலின் வழக்காடி ஒரு கரையினரைத் தோற்பித்தல் இங்கு இயலாது. பல தலைமுறை மாணவர் பயின்று தேர்வெழுதிய சொல்லை ஆணையால் மாற்றுதலும் எளிதன்று.

யாம் கருதுவது வேறொரு வழி. மயக்கம் தரும் சொற்களுக்கு அருகிலேயே மயக்கம் தாராத சொற்களும் உள்ளன. திணிவு என்னும் சொல் ஈழத்தில் ஒரு பொருளையே குறிக்கும். தமிழ்நாட்டு இயற்பியலில் அதற்கு வேறு பொருள் இல்லை. திண்மையொடு தொடர்புடைய அச்சொல் தமிழுக்கு நல்வரவே. எடை என்பது தமிழ்நாட்டிற் கலைச்சொல். ஈழத்தில் அதனை வேறொன்றற்குக் கலைச்சொல்லாக ஆண்டிலர். அவ்வாறே கதியும் திசைவேகமும். எனவே இரு கரையினரும் காணும் இணையப் பாடங்களில் நிறை, வேகம் என்னும் இரண்டையும் தனித்து ஆளாது, திணிவு, எடை, கதி, திசைவேகம் என்னும் நான்கினையும் ஆள்வோமாயின் எவனும் பிழைபட உணரான். பழகாத சொல் ஒன்றிரண்டு தோன்றும். அது முன்னர்க் கூறிய சிறு தடையே. கதி வடசொல் ஆயிற்றே என வெறுப்பார்க்கு, வேகமும் வடசொல்லே என்பதை நினைவூட்டுகின்றோம். அழுத்தத்திற்கும் இம்முறையே பொருந்தும்: பரப்பின்மேற் படுவதற்கு அமுக்கம், மின்னியலில் மின்னழுத்தம்.

இதனைச் செய்தற்குப் பெரும்பொருள் வேண்டா. இரு நாட்டுப் பாடநூல்களும் இணையத்திற் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அவற்றை ஒப்பிட்டு, ஒரு சொல் இரு பொருள்படும் இடங்களை மட்டும் தொகுத்தல் ஒரு முதுகலை மாணவர் ஓராண்டில் முடிக்கத்தக்க ஆய்வு. காப்பிய ஒப்பீடுகள் நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. இவ்வொப்பீட்டிற்கும் ஓர் இடம் தருதல் தகும். தன்னார்வலர் ஒருவர் தம் ஊர் வழக்கில் ஒரு பாவனைக் கருவியைப் பெயர்த்துவிடின், உலகத் தமிழ்மாணவர் அனைவர்க்கும் அதுவே தமிழாகி நிற்கும். இரு வழக்கு நூல்களையும் ஒருங்கே உட்கொண்டு மொழிபெயர்க்கும் கணினிப் பொறிகளோ ஒரே பத்தியில் திணிவையும் நிறையையும் கலந்து எழுதவல்லன. திருத்துவோர் கையில் அத்தொகுப்பு இருப்பின் இவை இரண்டும் களையப்படும்.

பெயர்ச்சொற்களின் எழுத்துப்பெயர்ப்புப் பற்றி ஒரு சொல். ஈழத்தார் கிரந்த எழுத்தினை நீக்கி ஒட்சிசன், ஐதரசன், நைதரசன், காபன் என எழுதுவர். தமிழ்நாட்டார் ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன், கார்பன் என்பர். பொருள் மயங்க இடமில்லை; ஆயின் எழுத்தொத்த சொல்லையே தேடித்தரும் பொறி, ஒட்சிசன் எனத் தேடுவார்க்கு ஆக்சிஜன் பற்றிய பாடத்தைக் காட்டாது. விக்கிப்பீடியாவில் இதற்கு வழிமாற்று என்னும் முறை உண்டு: ஒரு வடிவத்தைத் தேடினும் மற்றொரு வடிவத்திலுள்ள கட்டுரை திறக்கும். பாடத்தளங்களிலும் ஒவ்வொரு பாடத்தின் குறிச்சொற் பட்டியலில் இரு வடிவத்தையும் சேர்த்தல் போதும்.