தெரு எங்கே போய் முட்டுகிறது?

பங்குனியில் அறுபத்துமூவர் விழாவன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆனாலும் அங்கேயே குடியிருப்பவர்கள் திணறுவதில்லை. ஒரு தெரு அடைபட்டால் அடுத்த தெரு, அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு சந்து என்று புகுந்து வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் அது முடியாது. பின்பக்க மதிலுக்கு அப்பால் இருக்கும் மளிகைக்கடை பால்கனியிலிருந்து கண்ணுக்குத் தெரியும். போக வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வெளியே வந்து, மெயின் ரோட்டைப் பிடித்து, அடுத்த திருப்பத்தில் உள்ளே நுழைந்து சுற்ற வேண்டும். கூப்பிடு தூரத்துக் கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை என்றால் யார் நடப்பார்கள்? வண்டிச் சாவியைத்தான் எடுப்பார்கள்.

நகரம் பரவுவதைப் பற்றிப் பேசும்போது நாம் பரப்பளவையே பார்க்கிறோம். சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. பெருநகரப் பகுதியின் எல்லை 2022-ல் 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. சேர்ந்த இடங்களில் தெருவும் தெருவும் கைகோத்துக்கொள்கின்றனவா என்று கேட்பவர்கள் குறைவு.

அதை அளக்க ஒரு கணக்கு இருக்கிறது. நாற்சந்தி, முச்சந்தி, முட்டுச்சந்து என்ற நம் சொற்களே அதற்குப் போதும். நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்தின் முனைக்கு 1 என்று மதிப்பெண் போட்டு, ஒரு வட்டாரத்திலுள்ள எல்லா முனைகளுக்கும் சராசரி எடுக்க வேண்டும். சராசரி 4-ஐ நெருங்க நெருங்க, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக வழிகள் கூடும். கீழே இறங்க இறங்க எல்லோரும் ஒரே மெயின் ரோட்டில் வந்து விழுவார்கள்.

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் இப்படித்தான் அமெரிக்காவின் 1920 முதல் 2012 வரையிலான தெருக்களை ஆராய்ந்து, 2015-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கார் வீட்டுக்கு வீடு வருவதற்கு வெகுமுன்பே அங்கே தெருக்கள் துண்டுபடத் தொடங்கியிருந்தன. 1994 வாக்கில் அது உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிறகு போடப்பட்ட புதிய தெருக்கள் மெல்ல மெல்ல மறுபடி இணையத் தொடங்கின. அவர்களே 2020-ல் உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பார்த்தபோது, 1975-க்குப் பிந்தைய தெருக்கள் பெரும்பாலான இடங்களில் இணைப்பை இழந்துகொண்டே வருவது தெரிந்தது.

சென்னையின் கதையைத் தெருக்களிலேயே படிக்கலாம். ஜார்ஜ் டவுனில் தம்புச் செட்டித் தெருவும் லிங்கிச் செட்டித் தெருவும் பக்கத்தில் பக்கத்தில் நேராக ஓட, குறுக்குத் தெருக்கள் அவற்றைத் தைக்கின்றன. 1920-களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்து தியாகராய நகரை எழுப்பினார்கள். ஒரு ஏரியை இழந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் பனகல் பூங்காவை நடுவில் வைத்து, சாலைகள் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று வீடுகள் வருவதற்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். 1968-ல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த இடத்தை ஒட்டி வளர்ந்த அண்ணா நகரும் அப்படித்தான். அவென்யூக்களுக்கு எண் போட்டு அழைக்க முடிகிறது என்றால், முழு வரைபடத்தையும் யாரோ ஒருமுறை மேசைமேல் விரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புறநகரில் அந்த மேசையே இல்லாமல் போயிற்று. ஒருவர் தன் மூன்று ஏக்கர் வயலை மனை போட்டு விற்கிறார். நடுவில் ஒரு தெரு, இருபுறமும் மனைகள், கடைசியில் வேலி. பக்கத்து வயல்காரர் ஐந்து வருடம் கழித்து விற்கும்போது அவருடைய தெரு வேறு பக்கத்திலிருந்து வந்து அதே வேலியில் முட்டுகிறது. வயலின் வரப்பு நகரத்தின் சுவராகிவிடுகிறது. அனுமதி வாங்காமலே போட்ட மனைப்பிரிவுகள் பெருகி, அவற்றைப் பத்திரப்பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்கும் அளவுக்குப் போனது. 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. மனை வாங்கியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் வரன்முறைப்படுத்தியதால் முட்டுச்சந்து திறந்துவிடாது. கட்டடத்தை இடித்துக் கட்டலாம். இருபுறமும் வீடு எழுந்துவிட்ட தெருவை நகர்த்துவதற்கு எத்தனை பேருடைய நிலத்தைக் கேட்பது?

பழைய மகாபலிபுரம் சாலையில் இயற்கையும் சேர்ந்துகொள்கிறது. மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கிழக்கே பக்கிங்காம் கால்வாய். இணையாக ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக, சோழிங்கநல்லூரை விட்டால் அடுத்த பெரிய இணைப்பு கேளம்பாக்கத்தில்தான். இடையே பத்துக் கிலோமீட்டருக்கு மேல். சதுப்பு நிலத்தைத் தொடக் கூடாது, அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அதனாலேயே, கட்டக்கூடிய இடங்களில் தெருக்களைச் சேர்க்காமல் விட்டது இன்னும் வலிக்கிறது. ஒரு லாரி பழுதாகி நின்றால் பள்ளி வேனும் ஆம்புலன்ஸும் ஒரே வரிசையில் காத்திருக்கின்றன.

எல்லாத் தெருவும் வாகனங்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அமைதியான தெருவில் குழந்தைகள் விளையாடுவது பெரிய கொடுப்பினை. அங்கேயும் மதிலில் ஆள் நுழையும் அகலத்துக்கு, சைக்கிள் போகும் அகலத்துக்கு ஒரு வழி விடலாம். மளிகைக்கடையும் பேருந்து நிறுத்தமும் அப்போதே பக்கத்தில் வந்துவிடும்.

மனை வாங்கப் போகிறவர்கள் பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்ப்பார்கள். லேஅவுட் வரைபடத்தின் ஓரத்தையும் ஒருமுறை பாருங்கள். தெரு எல்லைக்கோடு வரை போய்த் திறந்து நின்றால், நாளை பக்கத்து நிலம் மனையாகும்போது அது நீளலாம். எல்லைக்கு முன்னால் ஒரு மனையை வைத்துத் தெருவை அடைத்திருந்தால், அந்த மனைக்கு யார் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள், இல்லை இன்னும் விற்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்காமல் இருந்தால் அதை வழியாக விடச் சொல்லிக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.