பிராண்டுக்கு 'நோ' சொல்லிட்டாங்களா? அரியர்தான், அவுட் இல்லை!

ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் சேர்ந்து டி-ஷர்ட் பிசினஸ் ஆரம்பிக்கிறீங்க. விடிய விடிய யோசிச்சு சூப்பரா ஒரு பேரும் பிடிச்சாச்சு. உங்களில் ஒருத்தர் பேர்ல, ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டி டிரேட் மார்க்குக்கு அப்ளிகேஷனும் போட்டாச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மெயில்... 'ஆட்சேபணை இருக்கிறது'!

டென்ஷன் வேண்டாம். ஆட்சேபணை பெரும்பாலும் இரண்டே ரகம்தான். பெயர் பொருளையே வர்ணிக்கிறது என்பது ஒன்று. 'காட்டன் சட்டை'ன்னு பேர் வச்சா, அதை உங்களுக்கு மட்டும் எப்படித் தர முடியும்? ஏற்கெனவே இருக்கும் மார்க் மாதிரியே இருக்கிறது என்பது இன்னொன்று. ஒரு மாதத்துக்குள் பதில் போடணும். பதில் திருப்தி இல்லைன்னா விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. வீடியோ கான்ஃபரன்ஸிலேயே பேசலாம். ஆனா, அன்னிக்கு 'கட்' அடிச்சுடாதீங்க. விண்ணப்பத்தையே கைவிட்டதா எடுத்துக்கலாம்!

விசாரணை முடிஞ்சதும் பதிவாளர் சார்பில் அந்த அதிகாரி முடிவெடுப்பார். அப்படியே ஏற்கலாம், நிபந்தனையோடு ஏற்கலாம், நிராகரிக்கலாம். முடிவு எழுத்து மூலமா உங்களுக்கு வரும். நிராகரித்தால் என்ன காரணம், எதை வைத்து அந்த முடிவு என்று எழுதியே ஆகணும்னு 1999-ம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம் சொல்லுது.

ரீவேல்யூவேஷனுக்கு முன்னாடி பேப்பர் ஜெராக்ஸ் வாங்கிப் பார்ப்பீங்கல்ல? அதே கதைதான் இங்கேயும். காரணம் தெளிவா இல்லைன்னா, முடிவு கிடைச்ச 30 நாளுக்குள் 'டிஎம்-எம்' படிவத்தில் கேளுங்க. காரணங்களை எழுதி அனுப்பும் தேதியைத்தான் அப்பீலுக்கான உத்தரவு தேதியாகக் கணக்கு வைப்பாங்க.

அடுத்து இரண்டு வழி. பதிவாளரிடமே 'இன்னொரு தடவை பாருங்க சார்'னு மறுபரிசீலனை கேட்பது முதல் வழி. இதற்கு ஒரு மாதம் கெடு. கேட்டால் கூடுதலாக அதிகபட்சம் இன்னொரு மாதம். இரண்டாவது வழி, மேல்முறையீடு. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதம் டைம். தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி அனுமதி கேட்கணும்.

அப்பீலை எங்கே போடுறது? 2003-லிருந்து இதற்கென சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைச்சுட்டாங்க. இப்போ நேரா உயர் நீதிமன்றம்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்னைப் பதிவகத்தில் போட்ட விண்ணப்பம் என்றால், சென்னை உயர் நீதிமன்றம்.

அங்கே போனா நடக்குமா? காரணமே சொல்லாமல் ரெடிமேட் வரிகளில் போட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கின்றன. அதேசமயம், உங்க பேர் நிஜமாவே இன்னொருத்தர் பேரோட நகலா இருந்தா கோர்ட்டும் காப்பாற்றாது. அப்போ வக்கீல் ஃபீஸுக்குச் செலவழிப்பதை விட, புதுப் பேர் யோசிப்பதே லாபம்!

ஆக, 'நோ'ன்னு மெயில் வந்தா முதல்ல செய்ய வேண்டியது அழுறது இல்லை. அது கைக்குக் கிடைச்ச தேதியை காலண்டரில் வட்டம் போடுங்க. காரணத்தை இரண்டு தடவை படிங்க. அதில் ஓட்டை இருந்தா, அப்பீலுக்கு ரெடியாகுங்க. பேர் உங்களோடதுன்னா, போராடிப் பார்த்துடலாமே பாஸ்!