சீனியும் வேதமும்



கிறிஸ்துவ சமயம் உலக வரலாற்றில் என்ன செய்தது என்று கேட்டால் சிலர் பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் காட்டுவார்கள். வேறு சிலர் சிலுவைப் போர்களைக் காட்டுவார்கள். இரண்டு தரப்பினர் சொல்வதும் உண்மைதான். ஆனால் தோட்டத்து மக்களாகிய நமக்கு மிக நெருக்கமான ஒரு சான்று நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. தேநீரில் நாம் கலக்கும் சீனிதான் அது.

ஒரு காலத்தில் ஐரோப்பியர் உண்ட சீனி பெரும்பாலும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. அங்கே கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். 16ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கரை சேராமல் கடலிலேயே மாண்டவர்கள் பல லட்சம்.

அவர்களை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்தாம். இதை நாம் மறைக்கக்கூடாது. பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் என்ற தோட்ட முதலாளி 1710இல் இறந்தபோது, தம் கரும்புத் தோட்டங்களை அடிமைகளோடு சேர்த்து, இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த நற்செய்தி பரப்பும் சங்கம் ஒன்றுக்கு எழுதி வைத்தார். அந்தச் சங்கம் என்ன செய்தது? தோட்டத்தைத் தானே நடத்தியது. ஆடுமாடுகளுக்குச் சூடு போடுவதுபோல, அடிமைகளின் மார்பில் ‘சங்கம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்த காலமும் இருந்தது.

1807இல் லண்டனில் மேற்கிந்திய அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. பழைய ஏற்பாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அதில் இல்லை. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த மக்களை மோசே மீட்டுக்கொண்டு வந்த கதை நீக்கப்பட்டிருந்தது. வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பகுதி மட்டும் பத்திரமாக இருந்தது. கத்தரிக்கோல் பிடித்தவர்களுக்கு அந்த நூலின் வலிமை நன்றாகவே தெரிந்திருக்கிறது!

அதே நூலை வேறு விதமாகப் படித்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் குவேக்கர் என்ற சிறிய கிறிஸ்துவப் பிரிவு உண்டு. ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் பிரபுக்களைக் கண்டால்கூட அவர்கள் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். எல்லாருக்குள்ளும் அந்த ஒளி இருக்கிறது என்றால், ஆப்பிரிக்கனுக்குள்ளும் இருக்கத்தானே வேண்டும்? அப்படியானால் அவனை விலைக்கு வாங்குவது எப்படி? இந்தக் கேள்வி அவர்களைத் தூங்கவிடவில்லை. 1787 மே 22ஆம் நாள் லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் 12 பேர் கூடி, அடிமை வாணிபத்தை ஒழிக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுள் 9 பேர் குவேக்கர்கள்.

மற்ற மூவரில் ஒருவர் தாமஸ் கிளார்க்சன் என்ற இளைஞர். அவர் குதிரையேறித் துறைமுகம் துறைமுகமாக அலைந்தார். மாலுமிகளிடம் விவரம் கேட்டு எழுதிக்கொண்டார். கைவிலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகாணி என்று கடைகளில் விற்ற கருவிகளை வாங்கி வந்து மக்களிடம் காட்டினார். ‘புரூக்ஸ்’ என்னும் கப்பலில் 482 பேரை அடுக்கி வைப்பது எப்படி என்பதைக் காட்டும் படம் ஒன்றையும் சங்கத்தார் அச்சிட்டுப் பரப்பினார்கள். அடிமையாக விற்கப்பட்டுப் பிறகு விடுதலை பெற்ற ஒலாடா இக்குவியானோ 1789இல் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி வெளியிட்டார். அடிமைக் கப்பலுக்குத் தலைவராக இருந்து பின்னர் பாதிரியாரான ஜான் நியூட்டனும் தாம் கண்டதையெல்லாம் எழுதினார்.

நாடாளுமன்றத்தில் இதற்காக வாதாடியவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். 1791இல் அவர் கொண்டுவந்த மசோதாவுக்கு ஆதரவாக 88 வாக்குகளும் எதிராக 163 வாக்குகளும் விழுந்தன. மசோதா தோற்றுப்போயிற்று.

அதன்பிறகு நடந்ததுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அடிமை விளைவித்த சீனி எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று சாதாரணக் குடும்பங்கள் முடிவு செய்தன. சீனி இல்லாமலே தேநீர் குடித்தார்கள். ஏறக்குறைய 3 லட்சம் பேர் இப்படிச் சீனியைத் துறந்தார்கள் என்பது கிளார்க்சனின் கணக்கு. அக்காலத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. நாடாளுமன்ற வாசலை அவர்கள் மிதிக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு என்ன வாங்குவது என்பது அவர்கள் கையில் இருந்தது. நம் வீடுகளிலும் அப்படித்தானே?

1807இல் அடிமை வாணிபத் தடைச் சட்டம் 283க்கு 16 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இலாபம் குறைந்ததால்தான் அடிமை முறை ஒழிந்தது, சமயப் பற்றால் அல்ல என்று டிரினிடாட் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் 1944இல் எழுதினார். அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் 1807இல் கரும்பு இன்னும் நல்ல இலாபம் தந்துகொண்டுதான் இருந்தது என்று பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இலாபக் கணக்கு மட்டும் போதாது என்றே நாம் கருதுகிறோம்.

இந்தச் சட்டம் ஆட்களைக் கப்பலேற்றி விற்பதைத்தான் நிறுத்தியது. தோட்டங்களில் இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்கள் கைகட்டிக் காத்திருக்கவில்லை. ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை எழுதப் படிக்கத் தெரிந்தவர்; பாப்டிஸ்ட் சபையில் ஊழியம் செய்தவர். வேதாகமத்தைக் கத்தரிக்காமல் படித்த அவர், மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருக்க அதில் இடமில்லை என்று தம் மக்களுக்கு எடுத்துச் சொன்னார். 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுத்தாலன்றிக் கரும்பு வெட்டுவதில்லை என்று தீர்மானித்தார்கள். வேறொன்றுமில்லை, வேலைநிறுத்தம்தான். ஆனால் தோட்டங்களில் தீ மூண்டது, பட்டாளம் வந்தது. முந்நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். 1832 மே 23ஆம் நாள் ஷார்ப்பும் தூக்கிலிடப்பட்டார். 1975இல் ஜமைக்கா அவரைத் தேசிய வீரராக அறிவித்தது.

அவர் இறந்த மறு ஆண்டே சட்டம் வந்தது. 1834 ஆகஸ்ட் 1ஆம் நாள் அது நடப்புக்கு வந்தபோது விடுதலைக்கு உரியவர்கள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். ஆயினும் பலர் 1838 வரை பயிற்சித் தொழிலாளி என்ற பெயரில் பழைய முதலாளியிடமே உழைக்க நேர்ந்தது. பிரிட்டிஷ் அரசு 2 கோடி பவுன் இழப்பீடு கொடுத்தது. யாருக்கு? முதலாளிகளுக்கு. உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. பார்படோஸில் தோட்டம் வைத்திருந்த அந்தச் சங்கமும் தன் பங்கைப் பெற்றுக்கொண்டது. இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2006இல்தான் இதற்கெல்லாம் மன்னிப்புக் கோரியது.

அடிமைகள் போனபின் கரும்பை யார் வெட்டுவது? இந்த இடத்தில்தான் நம் முன்னோர் வருகிறார்கள். 1834இலேயே மொரிஷியஸுக்கும், 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1860இல் நேட்டாலுக்கும் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். நம் நாட்டில் ரப்பர் வருவதற்கு முன்பே, இன்று செபராங் பிறை எனப்படும் புரொவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தத் தமிழர்கள் வேலை செய்தார்கள். விலைக்கு வாங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் முடியும் முன்னே வேலையை விட்டுப் போனால் சிறை.

இதையும் எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் சி. எஃப். ஆண்ட்ரூஸ். இங்கிலாந்தில் பிறந்த பாதிரியார். காந்தியடிகளின் நெருங்கிய நண்பர். 1915இல் பியர்சன் என்ற நண்பருடன் ஃபிஜித் தீவுக்குப் போய், கரும்புத் தோட்ட லயன்களில் இந்தியர் வாழ்ந்த நிலையை, அதிலும் பெண்கள் பட்ட அவமானத்தை, நேரில் கண்டு அறிக்கை எழுதினார். ஏழைகளின் தோழன் என்ற பொருளில் மக்கள் அவரைத் தீனபந்து என்று அழைத்தார்கள். இந்தியத் தலைவர்களும் பெண்கள் அமைப்புகளும் கிளர்ந்தெழுந்தனர். 1917இல் ஒப்பந்தத்துக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி 1ஆம் நாள் ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் அனைத்தும் நீக்கப்பட்டன.

மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது அதற்கு முன்பே, 1910இல் நின்றுவிட்டது. அதன்பிறகு வந்தவர்களில் பலர் கங்காணி அழைத்துவர வந்தவர்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த வழியில் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன.