சளியில் மின்னும் மஞ்சள் பொட்டு

"ரெண்டு வாரமா இருமல், சாயந்திரமானா லேசா ஜுரம். கஷாயம் ஏதாவது குடுங்க டாக்டர்" என்று குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கமிருந்து வருபவர்கள் கேட்பதுண்டு. ஆடாதோடை இருமலைத் தணிக்கும்தான். ஆனால் முதலில் சளிப் பரிசோதனை என்றதும் பலருக்கு முகம் சுருங்கிவிடும். 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் இல்லத்தால்தான் தாம்பரம் சானடோரியத்துக்கு அந்தப் பெயரே வந்தது; இங்கேயே இந்தக் கூச்சம் என்றால் என்ன சொல்ல!

காசக் கிருமியின் மேலுறை மெழுகு பூசிய மாதிரி. சாயம் லேசில் ஏறாது. ஏறினால் அமிலம் விட்டுக் கழுவினாலும் போகாது. ஆரமின் என்ற மஞ்சள் சாயத்தை ஏற்றி அமிலத்தால் அலசுகிறார்கள். மற்றதெல்லாம் வெளுத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் நீல ஒளி பாய்ச்சினால் கிருமி மட்டும், அமாவாசை வானத்து நட்சத்திரம் போல, பளிச்சென்று மின்னும். பழைய சிவப்புச் சாய முறையில் ஆயிரம் மடங்கு பெரிதாக்கித் துழாவ வேண்டும். இதில் குறைந்த பெருக்கமே போதும். ஒரே பார்வையில் அதிக இடம் தெரியும், நேரமும் மிச்சம். மூளை நரம்புகளின் போக்கை ஆராய்பவர்களும் இப்படி ஒளிரும் சாயங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

முன்பு இதற்கு விலை கூடிய பாதரச ஆவி விளக்கு வேண்டும். எல்.இ.டி. விளக்கை 2011-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

கிருமி குறைவாக இருந்தால் இதிலும் தப்பிவிடலாம். சந்தேகம் தீராவிட்டால் மரபணுப் பரிசோதனை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம்.

எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள்.