பனியில் ஓடும் வண்டி – ஓர் இயற்பியல் பார்வை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பனி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. மார்கழி விடியலில் கோலமிட வரும் தாய்மார்கள் தலையில் முக்காடு இட்டுக் கொள்வதும், ஆவடி நிலையத்தில் முதல் மின்சார ரயிலுக்குக் காத்து நிற்போர் காதோடு துண்டைச் சுற்றிக் கொள்வதும் பனிக்கு அஞ்சித்தான். ஆனால் நம்மூர்ப் பனி, கதிரவன் இரண்டு பனைமரம் ஏறுவதற்குள் தோற்று ஓடிவிடும் பனி. பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி என்று எல்லாவற்றையும் 'பனி' என்ற ஒரே வேர்ச்சொல்லில் நாம் அடக்கிவிட்டோம். சாலையில் வண்டி ஓட்டுகிறவனுக்கோ இவை ஐந்தும் ஐந்து வெவ்வேறு எதிரிகள்!

"பனிக்கட்டியை ஐஸ் வண்டியில் மட்டுமே பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தக் கட்டுரை எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. விடையும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1965ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது நம் ஆவடியில். பாடியில் பிரேக்கும் சக்கரமும் செய்கிறார்கள். அம்பத்தூர் டன்லப் ஆலையில் ஒரு காலத்தில் டயர் செய்தார்கள். இங்கே பிறக்கும் உறுப்புகள் இமயம்வரை ஓடுகின்றன. அவற்றோடு நம் மனிதர்களும் போகிறார்கள். இராணுவத்தில் ஓட்டுநராகச் சேர்ந்து லடாக்குக்கும் சிக்கிமுக்கும் போகிறவர்கள், லோடு ஏற்றிக்கொண்டு ஜம்மு வரை லாரி ஓட்டுகிறவர்கள், பிழைப்புத் தேடிக் கனடா சென்று அங்கே கார் ஓட்டுகிறவர்கள் என்று ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார்.

என் அக்காள் கணவர் இராணுவத்தில் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால் அவருக்கு என்னிடம் ஒரு மரியாதை உண்டு. விடுமுறையில் வந்தபோது கேட்டார்: "நீதான் பிசிக்ஸ் படிக்கிறியே, ஐஸ் மேல போனா மட்டும் பிரேக் ஏன் பிடிக்க மாட்டேங்குது?" அவர் கைக்கும் காலுக்கும் தெரிந்த செய்தி எங்கள் பாடப் புத்தகத்தில் 'உராய்வு' என்ற தலைப்பின்கீழ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்கும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

நிறுத்துவது யார்?

பிரேக்தான் வண்டியை நிறுத்துகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பிரேக் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது சாலை. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு விசையே அதைச் செய்கிறது. சாலை ஒத்துழைக்க மறுத்தால், சக்கரம் நின்ற பிறகும் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

உராய்வின் அளவை 'உராய்வுக் கெழு' என்ற எண்ணால் குறிக்கிறோம். ரப்பர் டயருக்கும் உலர்ந்த தார்ச்சாலைக்கும் இது ஏறத்தாழ 0.7. நனைந்த சாலையில் 0.5 அல்லது அதற்கும் கீழ். மிதிபட்டு இறுகிய வெண்பனியில் 0.2 அளவு. பனிக்கட்டியில் 0.1, சில வேளைகளில் அதனினும் குறைவு.

வண்டி நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தை அறிய, வேகத்தின் வர்க்கத்தை, உராய்வுக் கெழுவையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்ததின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய வெண்பனியில் 31 மீட்டர். பனிக்கட்டியிலோ 63 மீட்டர்! ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகுமானால் அதற்குள் வண்டி கடந்துவிடும் 11 மீட்டர் தனி.

இச்சூத்திரத்தில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, வேகம் பாதியானால் தூரம் கால் பங்காகிறது. அதே பனிக்கட்டியில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 16 மீட்டரில் நின்றுவிடலாம். இரண்டு, வண்டியின் எடை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. "லோடு இருந்தால் வண்டி நல்லாப் பிடிச்சு நிற்கும்" என்று லாரி ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. ஏறும்போது, இயக்கும் சக்கரத்தின்மேல் பாரம் இருப்பது உதவும் என்பது மெய்யே. ஆனால் நிறுத்தும்போது எடை கூடினால் உராய்வு கூடுவதுபோல், அடக்க வேண்டிய இயக்க ஆற்றலும் அதே அளவு கூடிவிடுகிறது. பனிக்கட்டியின் முன் பத்து டன் லாரியும் சிறிய காரும் சமமே.

ஒரு சம்பளம், மூன்று செலவு

உராய்வை ஓர் ஏழைக் குடும்பத்தின் மாதச் சம்பளமாக எண்ணிப் பாருங்கள். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் மூன்றும் அந்த ஒரே சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். வண்டிக்கும் மூன்று செலவுகள்: வேகம் கூட்டுதல், வேகம் குறைத்தல், திரும்புதல். உலர்ந்த சாலையில் சம்பளம் தாராளம். வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக்கும் போடலாம். பனிக்கட்டியில் சம்பளம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அப்போது ஒரு நேரத்தில் ஒரு செலவுக்கு மேல் தாங்காது.

20 மீட்டர் ஆரமுள்ள ஒரு மலை வளைவை உலர்ந்த நிலையில் மணிக்கு 42 கிலோமீட்டர் வரை சறுக்காமல் கடக்கலாம் என்று கணக்கு காட்டுகிறது. பனிக்கட்டி மூடினால் அந்த எல்லை 16 கிலோமீட்டர்தான். அதுவும் பிரேக்கைத் தொடாமல்! ஆகவே வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பனிச்சாலை ஓட்டத்தின் முதல் விதியும் முடிவான விதியும் இதுவே எனலாம்.

சரிவுக்கும் ஒரு கணக்கு உண்டு. உராய்வுக் கெழு 0.1 என்றால், பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில் நான்கு சக்கரங்களையும் பிரேக்கிட்டு நிறுத்தினாலும் வண்டி தானே சறுக்கத் தொடங்கும். ரோதங் கணவாயின்கீழ் 9.02 கிலோமீட்டர் நீள 'அடல் சுரங்கம்' 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டபின், குளிர்காலத்திலும் அப்பகுதிக்குச் செல்லும் சுற்றுலாக் கார்கள் பெருகின. 2024 டிசம்பரில் பனி கொட்டியபோது சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கிக்கொண்டன. அத்தகைய இறக்கங்களில் சில வண்டிகள் பிரேக் போட்டபடியே நழுவுவதைப் படமாகப் பார்த்தவர்கள் "பிரேக் பழுதோ?" என்று நினைத்திருப்பார்கள். பிரேக்கில் குற்றமில்லை, சரிவும் பனியும் சேர்ந்து செய்த வேலை அது.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது?

நம் எடை அழுத்துவதால் பனிக்கட்டி உருகி வழுக்குகிறது என்று முன்பு பலரும் நம்பினார்கள். ஒரு வளிமண்டல அழுத்தம் கூடினால் உருகுநிலை சுமார் 0.0074 டிகிரி மட்டுமே இறங்கும். டயரின் அழுத்தம் இதற்குப் போதவே போதாது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் எப்போதும் நீர்போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது என்ற கருத்தை 1850இலேயே மைக்கேல் ஃபாரடே வெளியிட்டார். இன்றைய அறிவியல் அதை ஏற்கிறது. சறுக்கும்போது உண்டாகும் வெப்பமும் அப்படலத்தைத் தடிப்பாக்குகிறது. ஆகையால் கடுங்குளிரைவிட, 0 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும் நிலையிலுள்ள பனிக்கட்டியே அதிகம் வழுக்கும். பகல் வெயிலில் உருகிய நீர் மாலையில் மறுபடி உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணாடிபோல் படிந்துவிடுவதும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலமே மிகக் கொடியது. வெயில் படாத மலை நிழலிலும், அடியிலும் காற்றுப் பட்டுச் சீக்கிரம் குளிரும் பாலங்களின் மேலும் இதை எதிர்பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் கடைப்பிடிக்க வேண்டியவை

புறப்படும்போது ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று பள்ளம் பறிக்கும். இரண்டாம் கியரில் கிளட்சை மெதுவாக விட்டு நகர்த்துவது நல்லது. முன் வண்டிக்கும் நமக்கும் இடைவெளி வழக்கத்தைப் போல் பல மடங்கு இருக்க வேண்டும்.

இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடும் பழக்கம் நம் லாரிக்காரர் சிலரிடம் உண்டு. எந்த மலையிலும் தவறான அப்பழக்கம் பனிமலையில் உயிருக்கே உலையாகும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். கியரை இறக்கத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

பின்சக்கரம் சறுக்கி வண்டியின் பின்புறம் வலப்பக்கம் போனால் ஸ்டீயரிங்கையும் வலப்பக்கம் அளவாகத் திருப்ப வேண்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. முன்சக்கரம் சறுக்கி வண்டி திரும்ப மறுத்தால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒடித்த ஸ்டீயரிங்கைச் சற்றே நேராக்கினால் பிடிப்பு திரும்பும். பூட்டிக்கொண்ட சக்கரம் திசை மாறாது. உருளும் சக்கரமே சொன்ன பேச்சைக் கேட்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டின் புதிய கார்களில் கட்டாயம். அது திசையைக் காக்கும். ஆனால் இல்லாத உராய்வைப் படைக்காது. நான்கு சக்கர இயக்கமும் அப்படியே: ஏற உதவும், நிற்க உதவாது.

வண்டிக்குச் செய்ய வேண்டியவை

மொட்டை டயரோடு பனியில் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பு. குளிரில் சாதாரண ரப்பர் விறைத்துவிடும் என்பதால், குளிர்நாடுகளில் மென்மை மாறாத தனி டயர்கள் உண்டு. நம் தமிழர் பலர் வாழும் மொன்றியல் நகரம் அமைந்த கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் குளிர்காலத்தில் இத்தகைய டயர் சட்டப்படி கட்டாயம். இமயச் சாலைகளில் இரும்புச் சங்கிலியே துணை. இயக்கும் சக்கரங்களில், லாரியானால் பின்சக்கரங்களில், அதைக் கட்ட வேண்டும். வழுக்கும் இடத்துக்கு முன்பே, சமதரையில் கட்டி, சிறிது தூரம் ஓட்டி மறுபடி இறுக்க வேண்டும். வெறும் தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

குளிரில் டீசலில் உள்ள மெழுகு கட்டிப்பட்டுக் குழாயை அடைக்கும். இதற்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்கில் அறிமுகப்படுத்தியது. இரவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் அது உறைந்து காலையில் விடாமற் போகலாம். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பதே வழக்கம்.

பனியில் சிக்கி எஞ்சினை ஓடவிட்டு உள்ளே அமர நேர்ந்தால், முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். குழாய் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழையும். அதற்கு நிறமில்லை, மணமில்லை; தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

முன்னோடிகள்

பனியில் இயந்திரத்தை ஏற்றிய வரலாற்றில் நம்மவர்க்கும் பங்குண்டு. 1948 நவம்பர் 1 அன்று, சுமார் 3500 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயில் ஜெனரல் திம்மையாவின் தலைமையில் 7ஆம் இலகு குதிரைப்படையின் ஸ்டூவர்ட் டாங்கிகள் பனியினூடே ஏறிச் சென்றன. கோவேறு கழுதை நடக்கும் பாதையை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்கள். பனியே காணாத தென்னாட்டுக் கைகள் அந்தப் பாதையைச் செய்தன என்பது நாம் பெருமையோடு நினைக்கத் தக்கது. 1960இல் தோன்றிய எல்லைச் சாலை அமைப்பு இன்றும் அம்மலைச் சாலைகளில் பனியை அகற்றி வழி திறந்து வருகிறது.

நம் சாலைக்கும் இதே விதி

பனிக்குப் பொருந்தும் கணக்கு மழைக்கும் பொருந்தும். கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழம்பாகி வழுக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும், பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூர் செல்லும் சாலையிலும் மழை தொடங்கிய முதல் அரைமணி நேரத்தில் இருசக்கர வண்டிகள் சறுக்கி விழுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் சாலையைத் தொடாமல் நீரின்மேலேயே மிதக்கும். அந்தக் கணத்தில் நம் நெடுஞ்சாலையும் ஒரு பனிச்சாலையே! அங்கும் மருந்து ஒன்றுதான்: முன்கூட்டியே வேகத்தைக் குறை, திரும்பும்போது பிரேக்கிடாதே, இடைவெளி விடு.

நண்பர்களே! தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் ஒரு சூத்திரம், எங்கோ ஒரு கணவாயில் இருட்டில் வண்டியோட்டும் ஒருவரின் உயிரைக் காக்கும் ஆற்றலுடையது. அவர் நம் தெருக்காரராகவும் இருக்கலாம். படித்தவர் அதைத் தாளில் எழுதி மதிப்பெண் பெறுவதோடு நில்லாமல், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து வண்டியோட்டுகிறவர்களுக்கு எளிய தமிழில் சொல்ல வேண்டும். அவர்களுடைய அனுபவத்தை நாமும் கேட்டறிய வேண்டும். கல்லூரிக்குள் கற்ற அறிவியல் சாலைக்கு வந்து சேரும் வழி அதுவே.