பின் அச்சில் மறந்துபோன எண்ணெய்

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப் வண்டியோ, அருஸ், பழைய அவான்சா போன்ற பின்சக்கர ஓட்டுக் காரோ இருந்தால், அதன் பின்புறம் சற்றுக் குனிந்து பாருங்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் தடித்த இரும்புக் குழாயின் நடுவில் பூசணிக்காய் போல ஓர் உருண்டை தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜின் எண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, இதற்குள்ளும் எண்ணெய் இருப்பதை மறந்துவிடுவார்கள். (மைவி, சாகா போன்ற முன்சக்கர ஓட்டுக் கார்களில் இந்த உருண்டை இருக்காது. அவற்றின் டிஃபரன்ஷியல் கியர் பெட்டியோடு சேர்ந்திருக்கும்.)

பெண்டாங் பக்கம் இருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. மூடா நீர்ப்பாசனப் பகுதியின் நான்கு வட்டாரங்களில் மூன்றாவது பெண்டாங். எங்கு திரும்பினாலும் வயலும் வாய்க்காலும்தான். மழைக்காலத்தில் தோட்டப் பாதைகளிலும் நீர் தேங்கும். 2010 நவம்பரில் கெடாவைச் சூழ்ந்ததைப் போன்ற பெருவெள்ளமும் வரலாம். தண்ணீரில் இறங்கி ஏறும் வண்டியின் பின் அச்சுக்குள் அந்தத் தண்ணீர் புகுந்துவிட வாய்ப்புண்டு. அது எப்படி என்று அறிய, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரு சக்கரம், இரு தூரம்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடுகிறது. எவ்வளவு அதிகம்? இரு சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிவட்டத்தின் ஆரம் உள்வட்டத்தின் ஆரத்தைவிட 1.5 மீட்டர் கூடுதல். ஆகவே ஒரு முழுச் சுற்றில் தூர வேறுபாடு 2 × 3.14 × 1.5 = 9.42 மீட்டர். செங்கோணமாகத் திரும்பினால் அதில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 2.36 மீட்டர். வளைவு சிறியதானாலும் பெரியதானாலும் இந்த வேறுபாடு மாறாது. நீங்களே வேறு ஆரங்களைப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இரு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதைத் தவிர்க்கும் பல்சக்கர அமைப்புக்கு 1820-களின் பிற்பகுதியில் பிரான்ஸ் நாட்டின் ஒனேசிஃபோர் பெக்கர் காப்புரிமை பெற்றார். இன்றைய டிஃபரன்ஷியலுக்கும் அதுவே அடிப்படை.

எண்ணெயில் கந்தகம் எதற்கு?

இன்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் ஒரு சிறிய பல்சக்கரம் உண்டு. அது பெரிய வளையப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளில் சிறிய சக்கரம் பெரிய சக்கரத்தின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே பொருத்தப்பட்டிருக்கும். ‘ஹைப்பாய்டு’ எனப்படும் இந்த அமைப்பை 1926-இல் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் கார்களில் கொண்டுவந்தது. இதனால் நீண்ட தண்டைத் தாழ்வாக வைக்க முடிந்தது. கார் தளத்தின் உயரமும் குறைந்தது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு, பெரும் அழுத்தத்தில் வழுக்கியும் செல்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அதனால்தான் இந்த எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்களைக் கலக்கிறார்கள். உராய்வால் சூடேறும் இடத்தில் இவை இரும்புடன் வினைபுரிந்து மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. தேய்மானம் அந்தப் படலத்தோடு நின்றுவிடும். கியர் எண்ணெய் டின்னைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி இந்தக் கந்தகச் சேர்மங்களால் வருவதே.

டின்னில் ‘ஜிஎல்-5’, ‘80டபிள்யூ-90’ போன்ற குறியீடுகள் இருக்கும். 90 என்றதும், 40 எண் கொண்ட இன்ஜின் எண்ணெயைவிட இரு மடங்கு கெட்டியானது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. இந்த 90, இன்ஜின் எண்ணெய் அளவுகோலில் ஏறக்குறைய 40 முதல் 50 வரை வரும். எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது?

நெடுந்தூரம் ஓடியதும் பின் அச்சும் அதனுள் இருக்கும் காற்றும் சூடாகிவிடும். விரிவடையும் காற்று வெளியேற, அச்சின் மேல் ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். அது சேற்றால் அடைபட்டிருக்கிறது, உள்ளே 80 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். வண்டி 30 பாகைத் தண்ணீரில் இறங்கி, அச்சும் அதே அளவுக்குக் குளிர்ந்தால் என்ன ஆகும்? படிவம் 4 இயற்பியலில் வரும் வாயு விதிப்படி, கெல்வின் அளவில் 353-லிருந்து 303-க்கு இறங்குகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில், அதாவது சுமார் 14 விழுக்காடு குறைகிறது. வெளியழுத்தம் இப்போது தண்ணீரை, தேய்ந்த ரப்பர் சீல் வழியாக உள்ளே தள்ளுகிறது. மூச்சுக்குழாய் அடைபடாமல், தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அதன் வழியாகவே தண்ணீர் உள்ளே போகும்.

எண்ணெயும் தண்ணீரும் பல்சக்கரங்களுக்கிடையில் கடையப்பட்டால் பால் கலந்த காப்பி போன்ற கலவையாகும். அது பற்களைக் காக்காது. பேரிங்கில் துருவும் ஏறும்.

மாற்றும் முறை

பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், இது கட்டாயம். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எண்ணெயை வெதுவெதுப்பாக்குங்கள். பிசுபிசுப்பு குறைந்து எளிதில் வடியும். பிறகு சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால், எடை தாங்கும் ஸ்டாண்டுகளின் மேல் நான்கு பக்கமும் சமமாக நிறுத்துங்கள். ஜாக் மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒரு கணம்கூடப் போகக் கூடாது.

உருண்டையில் பொதுவாக இரண்டு நட்டுகள் இருக்கும். மேலே இருப்பது எண்ணெய் ஊற்ற, கீழே இருப்பது வடிக்க. முதலில் மேல் நட்டைத்தான் திறக்க வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு, துருப்பிடித்த மேல் நட் அசையவில்லை என்றால் புது எண்ணெயை ஊற்ற வழியில்லை. வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லவும் முடியாது.

பிறகு கீழ் நட்டைத் திறந்து எண்ணெயை வாளியில் வடியுங்கள். பல வண்டிகளில் அந்த நட்டின் நுனி காந்தமாக இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம், இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய் பால் போலிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஓட்டி மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

நட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். மேல் துளை பக்கவாட்டில் இருப்பதால் கைப்பம்பு வேண்டும். துளையின் விளிம்புவரை எண்ணெய் வந்து வழியத் தொடங்கினால், பெரும்பாலான வண்டிகளில் அதுவே சரியான மட்டம். வண்டி சாய்ந்து நின்றால் இந்த மட்டம் தவறாகிவிடும். கடைசியாக மூச்சுக்குழாயில் சேறு இருந்தால் நீக்குங்கள்.

பழைய எண்ணெய் எங்கே போக வேண்டும்?

வாளியில் மூன்று லிட்டர் இருக்கிறது என்று கொள்வோம். அது நீர்மேல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்பில் பரவினால் 3,000 சதுர மீட்டரை மூடும். கெடா விவசாயிகள் கணக்கில் ஒரு ரெலோங் நிலம் ஏறக்குறைய 2,900 சதுர மீட்டர். நம் வீட்டுக் கால்வாயில் ஊற்றுவது, ஒருவருடைய ஒரு ரெலோங் வயலுக்குப் போதும்.

மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகள் பழைய மசகெண்ணெயை, எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டின்கீழ், அட்டவணையிடப்பட்ட கழிவாக வகைப்படுத்துகின்றன. ஆகவே அதை மூடியுள்ள டின்னில் ஊற்றி, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் கையேட்டில் குறித்து வைத்தால், அடுத்த முறை எப்போது என்று யாரும் நினைவில் தேட வேண்டியதில்லை.